சொல்லும் நெல்லும்

காவிரி பாயும் தஞ்சை நாட்டிலே சோற்றுக்குப் பஞ்சம் வந்ததென்றால் கேட்போர் எளிதில் நம்பார். கண்ணுக்கெட்டிய தொலைவும் வயலும், வயலைச் சூழ்ந்த வாய்க்காலும், ஆடித் திங்களில் அவ்வாய்க்கால்தோறும் நிறைந்து வரும் புதுப்புனலுமாக விளங்கும் நாடன்றோ இது! ஆயினும் 1781-ஆம் ஆண்டை ஒட்டிய நாட்களில் இந்நகரின் கோட்டைக்குள்ளே விடியல்தோறும் தெருவோரங்களிற் பிணங்கள் கிடந்தன. காவல் நின்ற சிப்பாய்கள் பசியால் மெலிந்து, நின்ற இடத்திலேயே சாய்ந்து வீழ்ந்தனர். அத்துணைக் கொடிய காலத்திலும் நாட்டுப்புறத்தில் நெல் அறவே இல்லாமற் போய்விடவில்லை. நெல் இருந்தது, அதனைச் சுமந்து வருதற்குரிய எருதுகளும் இருந்தன. இல்லாமற் போயிருந்தது ஒன்றே. அது நாணயம்.

தமிழில் நாணயம் என்னுஞ் சொல் இருபொருள் படுவது. கையிற் புழங்கும் காசும் நாணயமே. சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயமே. இவ்விரண்டனுள் முன்னது பின்னதைப் பற்றியே நிற்பது என்பதையும், பின்னது அழிந்தவிடத்து முன்னது வெறும் உலோகமாய் ஒழியும் என்பதையும் தஞ்சைக் கோட்டை அன்று கண்டது. கண்ட அவ்வுண்மையை மெய்ப்பித்துக் காட்டியவர் சுவார்ட்ஸ் ஐயர். அப்பெரியாரின் வரலாற்றை அவர்தம் சமயத்தொண்டு பற்றிப் பலரும் விரித்துரைத்துள்ளனர். நாம் ஈண்டு அவரைப் பொறுப்பேற்ற ஒரு தலைவராக, கொடுக்கல் வாங்கலில் நேர்மை காத்த ஒருவராக, பெருஞ்சுமையைச் சுமந்தும் உள்ளந் தளராத ஒருவராக மட்டும் நோக்க விரும்புகின்றோம்.

கிறிஸ்தியான் பிரடெரிக் சுவார்ட்ஸ் 1726-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் பிரஷிய அரசுக்குட்பட்ட சோனன்பர்க் என்னும் சிற்றூரிற் பிறந்தார்; அவ்வூர் இந்நாளிற் போலந்து நாட்டைச் சேர்ந்துளது. இளமையில் அன்னையை இழந்த அவர், ஹாலே நகரிற் பயின்றபோது, தமிழ்நாட்டில் தொண்டாற்றித் திரும்பியிருந்த பெஞ்சமின் சூல்ட்சே என்பாரிடம் தமிழ் பயின்றார். 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிச் சில திங்களுக்குள்ளேயே தமிழில் அருளுரை ஆற்றத் தொடங்கினார். பின்னர் 1762-இல் திருச்சிராப்பள்ளிக்குச் சென்று பதினாறு ஆண்டளவும் அங்கே வாழ்ந்தார். 1778-இல் தஞ்சையைத் தம் இருப்பிடமாகக் கொண்டார். தமிழேயன்றித் தெலுங்கு, மராத்தி, பாரசீகம், இந்துஸ்தானி முதலிய மொழிகளையும் பயின்றார். அரசவையில் உள்ளோரிடம் அவர்தம் மொழியிலும், வயலில் உள்ளோரிடம் அவர்தம் மொழியிலும் பேச வல்ல ஒருவர் அந்நாளில் மிக அரியர். ஓர் அரசு தன் குடிகளின் நம்பிக்கையை இழக்குங்கால், இருதிறத்தார்க்கும் நடுவே நின்று பேசுவோர் ஒருவர் வேண்டப்படுவர். அவ்விடத்திற்கு ஐயரை முதற்கண் தகுதியாக்கியது இம்மொழிப் பயிற்சியே என்று கருதுகின்றோம்.

அவர்தம் சொல்லுக்கு இருந்த மதிப்பு முதன்முதல் நாடறிய வெளிப்பட்டது 1779-இல் ஆகும். மைசூர் மன்னர் ஐதர் அலிக்கும் ஆங்கிலக் கும்பினியார்க்கும் பகை முற்றிவந்த காலம் அது. கும்பினியார் விடுத்த தூதர்களிடம் ஐதருக்கு நம்பிக்கையில்லை. சுவார்ட்ஸ் ஐயர் வருவாராயின் பேச உடன்படுவதாக அறிவித்தார். சென்னை ஆளுநர் வேண்டிக்கொள்ள, போரைத் தடுக்கும் முயற்சி என்பதனால் ஐயர் அதற்கு இசைந்து, திருச்சி வழியே மலைக்கணவாய்களைக் கடந்து சீரங்கப்பட்டணம் சேர்ந்தார். ஐதர் அவரை மதிப்புடன் வரவேற்று, விடைதரும்போது வழிச்செலவிற்கென முந்நூறு உரூபாய் அளித்தார். ஐயர் அதனைத் தமக்கென வைத்துக்கொள்ளாது சென்னை அரசினரிடம் ஒப்புவித்தார். அவர்கள் வாங்க மறுக்கவே, தஞ்சையில் ஏழைச் சிறுவர்க்கு ஓர் ஆங்கிலப் பள்ளி அமைத்தற்கு அத்தொகையை முதலாக்க இசைவு பெற்றார். அத்தூதினாற் போர் நின்றுவிடவில்லை. 1780-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஐதரின் பெரும்படை கருநாடகத்துள் புகுந்தது. தூது தோற்றது, ஆயின் தூதுவர்பால் வைத்த மதிப்புத் தோற்கவில்லை. தம் படைகள் நாட்டை அழித்துவந்த அந்நாளிலும் சுவார்ட்ஸ் ஐயர் தடையின்றிச் சென்றுவர ஐதர் தம் படைத்தலைவர்க்குக் கட்டளையிட்டிருந்தார் என்பர்.

போர் தஞ்சை நாட்டையும் வந்து சூழ்ந்தது. ஊர்கள் எரிந்தன, நீர்நிலைகள் சிதைந்தன, கால்நடைகள் கவர்ந்து செல்லப்பட்டன. நாட்டுப்புற மக்கள் திரள்திரளாக நகருக்குள் வந்து புகுந்தனர். போர் வருமென்று முன்னரே உணர்ந்த ஐயர், விலை மலிந்திருந்த காலத்திலேயே ஏறக்குறைய 12,000 புஷல் அரிசி வாங்கிச் சேமித்து வைத்திருந்தார். அதுகொண்டு தம் சபையாரையும் பள்ளிப் பிள்ளைகளையும் காத்து, வந்து குழுமிய ஏழைகட்கும் உணவளித்து வந்தார். இடர் வந்தபின் ஓடுதல் எல்லார்க்கும் இயல்பு. இடர் வருமுன் சேர்த்தல் தலைவர்க்கே உரியது. அங்ஙனம் சேர்த்ததைப் பஞ்சம் வந்தபோது விலையேற்றி விற்றிருப்பின் அவர் பெருஞ்செல்வராயிருத்தல் கூடும். நெல் வணிகம் நடக்கும் இத்தஞ்சை நாட்டார்க்கு, பதுக்கலுக்கும் சேமிப்புக்கும் உள்ள வேறுபாடு நன்கு விளங்கும். சேர்த்து வைப்பவன் கை அன்று. கதவு திறக்கும் வேளையில் அவன் நெஞ்சமே அவ்வேறுபாட்டைச் செய்வது.

ஆயினும் கோட்டையில் இருந்த படையினர்க்கு அவ்வரிசி எம்மட்டு? படைக்கென நாட்டிலிருந்து நெல் வரவேண்டும். முன்னர் நெல் கொண்டுவந்த உழவர்க்குச் சேரவேண்டிய கூலியையும் விலையையும் இடைநின்ற துபாஷிகள் பறித்துக்கொண்டனர். ஒருமுறை வஞ்சிக்கப்பட்டோர் மறுமுறை வருவரோ? ஊரார் தம் எருதுகளைத் தொலைவில் ஓட்டிவிட்டு ஒதுங்கினர். அரசர் துளசாஜி தம் அதிகாரிகள் வாயிலாக ஆணையிட்டுப் பார்த்தார். பின்னர் இரந்தும் பார்த்தார். ஒருவரும் வந்திலர். அரசாணைக்கு அஞ்சி வந்த காலம் போயிற்று. அரசமொழியை நம்பி வரும் காலமும் போயிற்று. அந்நிலையில் அரசர் ஓர் உண்மையை ஒளியாது ஒப்புக்கொண்டார். தமக்கும் தம்மைச் சார்ந்த ஆங்கிலேயர்க்கும் மக்களிடத்து நம்பிக்கை அற்றுப்போயிற்றென்றும், சுவார்ட்ஸ் ஐயரை மக்கள் நம்புவரோ பார்ப்போமென்றும் அவர் கூறி, குடிகளோடு தக்கவாறு உடன்படிக்கை செய்துகொள்ளும் உரிமையை ஐயர்க்களித்து, எழுதப்படாத வெற்றுத்தாளை அவர்பால் அனுப்பினார். தன் சொல் செல்லாது என்பதை அறிந்து அதனைச் செல்லுஞ் சொல்லுடைய ஒருவரிடம் ஒப்புவித்தலும் ஒருவகைத் தலைமையே. துளசாஜிக்கு அப்பெருமையை மறுத்தல் முறையன்று.

வெற்றுத்தாளைப் பெற்ற ஒருவர் அதில் எதனை எழுதுகின்றார் என்பதைக்கொண்டே அவரை அளந்துவிடலாம். ஐயர் எத்திசையும் ஓலை போக்கினார். நெல் கொணர்வோர்க்குத் தம் கையாலேயே பணம் தருவதாக உறுதி கூறினார். அம்மட்டோடு நில்லாது, பகைவராற் கவரப்படும் எருது ஒவ்வொன்றிற்கும் விலை தருவதாகவும் வாக்களித்தார். இவ்விரண்டாவது உறுதியை நாம் கூர்ந்து நோக்குதல் வேண்டும். உழவன் அஞ்சியது இரண்டனுக்கு: துபாஷியின் கைக்கு ஒன்று, பகைவன் வாளுக்கு மற்றொன்று. முன்னதை மட்டும் போக்கியிருந்தால் பாதி அச்சம் எஞ்சியிருக்கும். இழப்பு நேரின் அது நும்முடையதன்று, எம்முடையது என்று தலைவர் சுமையைத் தம் தோளில் ஏற்றபோதே உழவன் எருதை அவிழ்த்தான். ஓரிரு நாளில் ஆயிரத்திற்கு மேற்பட்ட எருதுகள் வந்து சேர்ந்தன. ஐயர் தம் உபதேசியார் ஒருவரையும் வேறு சில கிறிஸ்தவர்களையும் நாட்டுப்புறங்கட்கு அனுப்பினார். அவர்கள் உயிரைப் பணயம் வைத்துச் சென்று, மிகச் சில நாளில் 80,000 கலம் நெல்லைக் கோட்டைக்குட் கொணர்ந்தனர். கலம் ஒன்றுக்கு மரக்கால் பன்னிரண்டாகக் கணக்கிட்டால் அது ஒன்பது இலட்சத்து அறுபதினாயிரம் மரக்கால் ஆகும். கோட்டை பிழைத்தது.

இவ்விடத்தோடு கதையை நிறுத்திவிடுவோர் பலர். ஆனால் வாக்கின் பெருமை அதனைக் கொடுக்கும்போது தோன்றுவதன்று; காப்பாற்றும்போது தோன்றுவது. இடர் தீர்ந்தபின், ஐயர் உழவர்க்குரிய பணம் முழுமையும் அளந்து கொடுத்தார். தம்பாலிருந்த பணம் போதாமையாற் பிறர்க்குரிய பணத்தையும் எடுத்துக் கொடுத்தமையைத் தாமே மறையாது எழுதியுள்ளார். அதன்மேல் ஒவ்வொருவர்க்கும் சிறு வெகுமதியும் ஈந்து ஊருக்கு அனுப்பினார். பிறர் பணத்தை எடுத்தது முறையோ என வினவுவோர் வினவலாம். நாமும் அவ்வினாவை எளிதில் தள்ளிவிட மாட்டோம். எனினும் அதனை ஒளித்திருந்தாரல்லர் என்பதையும், உழவனுக்குக் காலந்தாழ்த்துவதினும் தாம் கடன்படுவதையே மேலாகக் கருதினார் என்பதையும் நினைதல் வேண்டும்.

அவ்வாறு கொடுத்ததன் பயன் மறு ஆண்டே விளங்கிற்று. 1782-ஆம் ஆண்டு பிப்ரவரியில், கர்னல் பிரெய்த்வெயிட் என்பவரின் படை முழுவதும் கொள்ளிடக்கரைப் பக்கத்தில் திப்புவின் படையாற் சிறைப்பட்டது. தஞ்சைக்கோட்டை மீண்டும் நெருக்கடிக்குள்ளாயிற்று. மீண்டும் ஐயரே வேண்டப்பட்டார். இம்முறை மக்களை அழைக்க அவர் பெரிதும் முயல வேண்டியிருந்ததில்லை. சென்ற ஆண்டின் பணம் கைசேர்ந்திருந்ததாதலின் எருதுகள் தாமே வந்தன.

போர் முடிந்தபின்னும் நாட்டின் துன்பம் முடியவில்லை. அரசரின் முதன்மை அதிகாரியுடைய கொடுங்கோன்மையால், விளைவிற் குடிக்குரிய வாரமும் குடிக்கு எஞ்சாத நிலை வந்தது. ஏறக்குறைய 65,000 மக்கள் தஞ்சை நாட்டைவிட்டு வெளியேறினர் என்பது வரலாறு. வயல்கள் உழுவாரின்றிக் கிடந்தன. திரும்பி வருமாறு அரசர் அழைத்தார், ஒருவரும் அசைந்திலர். பின்னர் ஐயர் வாயிலாக நல்லுறுதி அளிக்கப்பட்டபோது ஒரே நாளில் ஏழாயிரவர் திரும்பினர்; ஏனையோரும் அவர் பின்னே வந்தனர். அதற்குள் உழவுப் பருவம் பெரும்பாலும் கழிந்துவிட்டது. ஐயர் அதனை எடுத்துக்காட்டி ஊக்கியபோது, தம்மிடத்து அவர் காட்டிய பரிவுக்கு ஈடாக இரவு பகல் பாராது உழைப்பதாக அவர்கள் உறுதி கூறினர். கூறியவாறே உழைத்து முந்திய ஆண்டினும் மிக்க விளைவைக் கண்டனர். ஒறுத்து வாங்கிய உழைப்பிற்கும் உவந்து தந்த உழைப்பிற்கும் உள்ள வேறுபாட்டைக் களத்துமேட்டு நெற்பொலி அளந்து காட்டியது. அதன்பின் கும்பினியார் தஞ்சையின் ஆட்சியைக் கண்காணிக்க அமைத்த குழுவில் ஐயரையும் ஓர் உறுப்பினராக்கினர்.

இனி, அவர் ஏற்க மறுத்த ஒன்றையும் கூறுதல் வேண்டும். 1787-இல் துளசாஜி நோயுற்று மாளும் தறுவாயில், பத்து வயதளவினராய தம் மகன்மைப் பிள்ளை சரபோஜியை ஐயரின் கையில் ஒப்புவிக்க முன்வந்தார். ஐயர் அப்பொறுப்பைத் தாம் ஏற்றல் தகாதென்றும், அது பூசலுக்கே இடந்தரும் என்றும் கருதி, அரசரின் உடன்பிறந்தார் அமர்சிங்கைக் காப்பாளராக்குமாறு அறிவுரை கூறினார். அது நல்லெண்ணத்தாற் கூறியதேயாயினும், பின்விளைவு நன்றாகவில்லை. மகன்மை கொண்டது செல்லாதென்று பண்டிதர்கள் கூறினராக, அமர்சிங்கே அரியணை ஏறினார். சிறுவர் சரபோஜி கல்வியின்றி அடைபட்டுத் துன்புற்றார். தம் அறிவுரை தவறிய இடத்து ஐயர் வாளாவிருந்தாரல்லர். சிறுவருக்குக் காவலும் கல்வியும் கிடைக்கும்படி செய்து, 1793-இல் அவரைச் சென்னைக்குக் கொண்டுசேர்த்து, அவருரிமையை மீள ஆராயுமாறு கும்பினியாரைப் பலகாலும் வற்புறுத்தினார். சரபோஜி அரியணை ஏறியது 1798-இல். அதற்குச் சில திங்கள் முன்னரே, அவ்வாண்டு பிப்ரவரி 13-ஆம் நாள், ஐயர் தம் எழுபத்திரண்டாம் வயதில் உயிர்நீத்தார். தாம் நட்ட மரத்தின் நிழலில் அவர் அமர்ந்ததில்லை.

ஐயரைக் குறைகூறுவாரும் உளர். சமயத்தொண்டர் ஒருவர் அரசியற் பணிகளில் கைவைத்தது தகுமோ என்பர் சிலர்; அவர்தம் நற்பெயரைப் பிறநாட்டு வணிகக் கும்பினி தன் ஆட்சியை வேரூன்றச் செய்தற்குப் பயன்படுத்திக்கொண்டதே என்பர் வேறு சிலர். இரண்டாவது கூற்றை நாம் முற்றும் மறுக்க இயலாது. தஞ்சை 1799-இல் பெரும்பாலும் கும்பினியார் வசமாயிற்று. நல்லவர் ஒருவரின் சொல்லை மற்றோர் தம் முதலாக வைத்து வாணிகம் செய்தல் எக்காலத்தும் நிகழக்கூடியதே. ஆதலால் தம் சொல்லை யாருக்காகக் கொடுக்கின்றோம் என்பதையும் தலைவர் ஆராய்ந்து கொடுத்தல் வேண்டும். ஐயர் கணக்கில் அச்சொல் முதலிற் சென்றடைந்தது உழவனையும் பசித்தவனையுமே என்பதே அவர்க்கு நாம் கூறக்கூடிய விடை.

இத்துணைச் சுமையையும் அவர் எவ்வாறு தாங்கினார்? ஒருபுறம் அரசர், ஒருபுறம் கும்பினி, ஒருபுறம் பகைவர், வாயிலில் பசித்தோர்; இவர்கட்கு நடுவே ஒருவர் மனம் கலங்காதிருத்தல் எங்ஙனம்? அவர் வாழ்க்கை முறையை நோக்கின் மூன்று செய்திகள் புலப்படும். முதலாவது, நாளொழுங்கு. விடியலில் உபதேசியாரை ஒருங்கு கூட்டி இறைவணக்கம் செய்து, இன்னார் இன்ன ஊருக்கென்று பணியைப் பகிர்ந்தளிப்பார். மாலையில் அவர்கள் மீண்டுவந்து கூறுவனவற்றைப் பொறுமையுடன் கேட்பார். போர் நடந்த ஆண்டுகளிலும் இவ்வொழுங்கு குலையவில்லை. இரண்டாவது, எளிமை. சோறும் காய்கறியுமாகிய நம்நாட்டு உணவே அவர் உணவு, மணஞ்செய்து கொள்ளவில்லை, ஆங்கிலப் படையினர்க்குக் குருவாயிருந்து பெற்ற ஊதியத்திற் பெரும்பகுதியைச் சபைக்கும் பள்ளிக்குமே செலவிட்டார். தேவை சுருங்கியவர்க்கு அச்சமும் சுருங்கும். மூன்றாவது, மறைப்பதற்கு ஒன்றும் இல்லாமை. ஒருவர்க்கு ஒன்றும் மற்றொருவர்க்கு மற்றொன்றும் கூறுவோர், எவர்க்கு எதனைக் கூறினோம் என்று இரவெல்லாம் எண்ணி வருந்துவர். எல்லார்க்கும் ஒன்றே கூறுவோர்க்கு அவ்வருத்தம் இல்லை. அவர்க்கு உறக்கம் எளிது.

மாணவ நண்பர்களே! நம்முட் சிலர் நாளை அலுவலகங்களில் அமர்வோம். சிலர் தந்தையாரின் நெல் மண்டியையோ கடையையோ நடத்துவோம். சிலர் வயலுக்கே மீள்வோம். 1906-ஆம் ஆண்டில் சென்னையில் பேர்பெற்று விளங்கிய அர்பத்நாட் கும்பினி முறிந்தபோது, வாழ்நாட் சேமிப்பை அதில் இட்டிருந்த குடும்பங்கள் பல நிலைகுலைந்தன. நேற்றுவரை மலைபோல் நின்ற அப்பெயர் ஒரே நாளில் மண்ணாயிற்று. அதன்பின் நம்மவர் மீண்டும் நம்பிக்கையைத் திரட்டி 1907-இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினர். பெருங்கட்டடமும் பெரும்பெயரும் நம்பிக்கை ஆகா. சிறு கூலியையும் சொன்ன நாளிற் கொடுத்தலே நம்பிக்கை. தஞ்சைக்கோட்டை வறண்டது பெருந்தொகை எதனாலும் அன்று. உழவனுக்குச் சேரவேண்டிய சில காசுகள் இடையில் நின்றமையாலேயே.

சென்ற தைத்திங்களில் நாம் தோழர் சிலருடன் தஞ்சைச் சிவகங்கைப் பூங்காவை அடுத்துள்ள ஆலயத்திற்குச் சென்றிருந்தோம். 1779-இற் கட்டப்பெற்று இன்றளவும் சுவார்ட்ஸ் ஐயர் பெயரால் வழங்கும் கோயில் அது. பிளாக்ஸ்மன் என்னும் ஆங்கிலச் சிற்பியைக்கொண்டு சரபோஜி மன்னர் அமைப்பித்த வெண்பளிங்குச் சிற்பம் அங்கே உளது. நோய்ப்படுக்கையிற் கிடக்கும் முதியவரின் கையை இளவரசர் பற்றி நிற்கின்றார். வேறு சமயத்தவராகவே வாழ்ந்த ஓர் அரசர் தம் குருவுக்கு எடுத்த அந்நினைவுச் சின்னத்தின் முன் நெடுநேரம் நின்றோம். வெளியே வரும்போது தோழர் ஒருவர், எருதோட்டி வந்தோர்க்கும், உயிரைப் பணயம் வைத்து ஊரூராய்ச் சென்ற அவ்வுபதேசியார்க்கும் சிற்பம் எங்கே என்று வினவினார். அவர்களின் பெயர்களைத் தாங்கிய பளிங்கு ஒன்றும் அங்கே இல்லை. ஐயரின் சொல்லுக்கு உடலும் காலும் கொடுத்தவர்கள் அவர்களே. ஒருவர் சொல்லைப் பலர் நம்பித் தோள்கொடுக்கும்போதே அது நெல்லாகிக் கோட்டைக்குள் வந்து சேர்கின்றது.

வழியெல்லாம் அறுவடை நடந்துகொண்டிருந்தது. அந்நெற்போர்களை நோக்கியவாறே நாம் ஒன்றை உறுதி செய்துகொண்டோம்: நம் கையில் என்றேனும் ஒரு வெற்றுத்தாள் வந்து சேருமாயின், நம்மால் நிறைவேற்ற இயன்றதையே அதில் எழுதுவோமாக, எழுதியதை நம் கையாலேயே கொடுத்துத் தீர்ப்போமாக.